எல்லையோர ஊர்களில் ஷூட்டிங்: கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கு யார் பொறுப்பு?

எருத்தேம்பதிக்காரி

வணக்கம். கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சினிமா வேலை தெரிந்தவர்களும் சிலர் இருக்கிறீர்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எங்கள் ஊர்த் தென்னந்தோப்பில் சமீபத்தில் ஒரு படத்துக்குத் திருவிழாக் காட்சி எடுத்தார்கள். கூட்டத்தில் நிற்க நம் ஊர்ப் பெண்களை ஒரு ஏஜென்ட் கூட்டிப்போனார். விடியற்காலையில் வேனில் ஏறியவர்கள் நடுராத்திரி நெருங்கும்போதுதான் வீடு திரும்பினார்கள். பேசிய கூலியில் ஒரு பங்கைக் கமிஷன் என்று பிடித்துக்கொண்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கழிப்பறை இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. நடிகர்களுக்கு கேரவன் நின்றது. கூட்டத்தில் நின்ற பெண்களுக்குத் தோப்பைக் காட்டினார்கள். சுற்றிலும் நூறு ஆண்கள் இருக்கும்போது எங்கே ஒதுங்குவது? பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே சமாளித்தார்கள். சாயங்காலம் ஒரு வயதான அம்மா மயங்கி விழுந்தார். அவரை நிழலில் உட்கார வைத்துவிட்டு அடுத்த டேக் எடுத்தார்கள். ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை வெயில் தாங்காமல் அழுதது. அந்த அழுகை காட்சிக்குப் பொருந்துகிறது என்று கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோனார்கள்.

இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? ஏஜென்ட் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், கம்பெனி சென்னையில் இருக்கிறது, தோப்போ பாலக்காடு மாவட்டம். எங்கே போனாலும் "அந்தப் பக்கம் கேளுங்கள்" என்கிறார்கள்.

வண்ணாமடைத் தோப்பு

அம்மணி, நடந்தது தப்புதான். ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் வெள்ளாமை எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தேங்காய் விலை ஒரு வருஷம் ஏறினால் மறு வருஷம் இறங்குகிறது. ஆளியாறு தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தோப்பை ஷூட்டிங்குக்கு விட்டால் கையில் நாலு காசு நிற்கிறது. கொல்லங்கோட்டைப் பாருங்கள். இந்தியாவின் அழகான கிராமங்களில் ஒன்று என்று 2023இல் சமூக ஊடகத்தில் பேர் வந்ததும் எத்தனை வண்டி, எத்தனை கூட்டம்! டீக்கடை, வாடகை வண்டி, தங்கும் வீடு என்று எல்லாருக்கும் வருமானம். நாம் சட்டம் பேச ஆரம்பித்தால் வேன் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆனைமலைப் பக்கம் இதே தென்னை, இதே மலை இருக்கிறது.

எருத்தேம்பதிக்காரி

ஷூட்டிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அண்ணா. உங்கள் தோப்புக்கு வாடகை பேசும்போது எத்தனை மணி நேரம், மரத்துக்குச் சேதம் வந்தால் எவ்வளவு என்று எழுதித்தானே வாங்கியிருப்பீர்கள்? அதே தோப்பில் நின்ற பெண்களுக்கு மட்டும் ஏன் ஒரு துண்டுத்தாள் கூட இல்லை?

யூனிட்லைட்

நான் லைட் டிபார்ட்மெண்டில் பல வருஷமாக இருக்கிறேன். வாளையார் தாண்டி இரண்டு பக்கத்துப் படங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன். உள்ளே எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

தமிழ் யூனிட் என்றால் பணம் புரொடக்‌ஷன் மேனேஜர் கையில் இருக்கும். மலையாள யூனிட்டில் அவரைப் புரொடக்‌ஷன் கண்ட்ரோலர் என்பார்கள். "நாளைக்கு இருநூறு பேர் வேணும்" என்று அவர் ஏஜென்டிடம் சொல்வார். தலைக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். அதில் உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்பது ஏஜென்ட் வைத்ததுதான் சட்டம். கம்பெனிக் கணக்கில் வவுச்சர் போடவேண்டும் அல்லவா? வெற்று வவுச்சரில் வரிசையாகக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்வார்கள். தொகையைப் பிறகு எழுதிக்கொள்வார்கள். நீங்கள் எவ்வளவு வாங்கியதாக அந்தத் தாள் சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சென்னையிலோ கொச்சியிலோ எடுத்தால் சங்கத்து ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் வருவார்கள். அவர்களுக்கும் கஷ்டம் உண்டு, ஆனாலும் கேட்க ஒரு சங்கம் இருக்கிறது. சம்பளம், பேட்டா, நேரம் தாண்டினால் கூடுதல் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எல்லையோரக் கிராமத்துக்கு வந்தால் அந்தக் கணக்கே வராது. இங்கே தமிழ் சினிமாத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியும் கிடையாது, மலையாளத்து ஃபெப்காவும் கிடையாது. "ஊர் ஜனங்களை வெச்சுக்கலாம்" என்று லொகேஷன் பார்க்கும்போதே பேசிவிடுகிறார்கள். மலையும் தென்னையும் அழகு என்பதோடு, ஆட்களும் மலிவு என்பதால்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள். எங்களோடு வேலை செய்கிற நல்ல உதவி இயக்குநர்கள் சிலர் இதைப் பார்த்து வருத்தப்படுவார்கள். ஆனால் அன்றைய ஷாட்டை முடிக்காவிட்டால் திட்டு வாங்குவதும் அவர்கள்தான்.

இன்னொன்று, பாதுகாப்பு. 2020 பிப்ரவரியில் சென்னைக்குப் பக்கத்தில் நசரத்பேட்டையில் ஒரு பெரிய படத்தின் செட்டில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் செத்தார்கள். எல்லாரும் யூனிட் ஆட்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் பறக்கும் காட்சியில் அனுபவமுள்ள சண்டைக் கலைஞர் ஒருவரே இறந்தார். தொழில் தெரிந்தவர்களுக்கே இந்த நிலை. ஜெனரேட்டர் கேபிள் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் ஈரத்தரையில் கூட்டமாக நிற்கிற ஜனத்துக்கு ஒன்று ஆனால்? அவர் அன்றைக்கு அங்கே வேலை செய்தார் என்பதற்கே அத்தாட்சி இருக்காது.

சித்தூர்கோர்ட்டு

யூனிட்லைட் அண்ணா கடைசியில் சொன்னதுதான் விஷயத்தின் மையம். நான் வக்கீல் தொழிலில் இருப்பவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சினிமாத் தொழிலாளியை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1981லேயே மத்தியச் சட்டம் வந்தது. அது இப்போது தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்ந்துவிட்டது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் ஆடியோ விஷுவல் தொழிலாளி என்று தனியாக ஒரு வரையறை உண்டு. கம்பெனி நேராக வைத்தாலும் சரி, ஒப்பந்தக்காரர் மூலம் வைத்தாலும் சரி, திறன் வேண்டாத வேலையாக இருந்தாலும் சரி, அதற்குள் வரும். ஆகவே "அவங்க ஏஜென்டோட ஆளு, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று தயாரிப்பாளர் கை கழுவ முடியாது.

பெண்களுக்கு இன்னொரு பிடிமானம் இருக்கிறது. வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள் குழு வேண்டும். சினிமாத் தயாரிப்பு நிறுவனங்களுக்கும் இது கட்டாயம் என்று 2022 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலைக்குச் சேர்ந்தவராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கூட்டத்தில் நிற்க வந்தவர், சோறு பரிமாற வந்தவர், வேடிக்கை பார்க்க வந்த பெண் என்று யாரும் புகார் தரலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தரவேண்டும். உள் குழு இல்லை என்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கும், அங்கே போகலாம். ஷூட்டிங் எங்கே நடந்ததோ அந்த மாவட்டம். உங்கள் விஷயத்தில் பாலக்காடு. கம்பெனி ஆபீஸ் வடபழனியில் இருந்தாலும் இதுதான்.

முதலமடை டீச்சர்

சித்தூர்கோர்ட்டு சொன்னதோடு, மலையாள சினிமாவில் பெண்களின் நிலை பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கையையும் சேர்த்துப் படிக்கவேண்டும். 2017 பிப்ரவரியில் ஒரு நடிகைக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு பெண் கலைஞர்கள் ஒன்றுகூடிக் கேட்டதால் கேரள அரசு அந்த வருஷம் கமிட்டி போட்டது. நீதிபதி ஹேமா தலைமை, நடிகை சாரதாவும் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வல்சலகுமாரியும் உறுப்பினர்கள். 2019 டிசம்பர் 31 அன்று அறிக்கையைக் கொடுத்துவிட்டார்கள். பல பக்கங்களை நீக்கி அது வெளியே வந்தது 2024 ஆகஸ்ட் 19 அன்று. நாலரை வருஷத்துக்கு மேல் அலமாரியில் கிடந்திருக்கிறது.

வெளியே வந்ததும் எல்லாரும் எந்தப் பெரிய நடிகர் என்றுதான் தேடினார்கள். டிவியில் இரவெல்லாம் அதுவே பேச்சு. ஆனால் அதே அறிக்கையில் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாதது பற்றி எழுதியிருக்கிறார்கள். அதனால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்து நோய் வாங்கிக்கொள்வதும், ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளை நடத்துகிற விதமும், நடுவில் நிற்கிற ஆட்கள் கூலியைப் பிடிப்பதும் அதில் இருக்கிறது. எருத்தேம்பதி அக்கா எழுதியது அப்படியே அதில் இருக்கிறது. பெயர்களைத் தேடிய வேகத்தில் ஒரு பங்காவது இந்தப் பக்கங்களுக்குக் கிடைத்திருந்தால் இன்றைக்கு உங்கள் தோப்பில் இரண்டு தற்காலிகக் கழிப்பறையாவது வைத்திருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது வேறொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் எரவாளர், மலசர் பழங்குடிக் குடும்பங்கள் இருக்கின்றன. காட்டுக் காட்சி என்றால் அவர்களைக் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகள் யூனிஃபார்மில் பள்ளிக்கு வருகிறவர்கள், அப்பாக்கள் மாந்தோப்பில் மருந்தடிக்கவும் காய் பறிக்கவும் போகிறவர்கள். அவர்களுக்கு இலையும் இறகும் கட்டி, முகத்தில் கரியைப் பூசி, அர்த்தமில்லாத சத்தம் போடச் சொல்கிறார்கள். அந்தப் படம் வந்த பிறகு வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அதே சத்தத்தைப் போட்டு அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். கதை என்ன, எங்களை என்னவாகக் காட்டப்போகிறீர்கள் என்று கேட்கிற உரிமையும் கூலியோடு சேர்ந்ததுதான். மலையாளப் படத்தில் தமிழன் என்றால் லாரிக்காரன், பழைய சாமான் எடுக்கிறவன். தமிழ்ப் படத்தில் மலையாளி என்றால் டீக்கடை. இரண்டும் பேசுகிற நாம் இரண்டு பக்கத்து அடியையும் வாங்குகிறோம். அதையாவது பெரியவர்கள் தாங்கிக்கொள்வோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எப்படித் தாங்குவார்கள்?

ஒழலப்பதி அம்மா

அந்தக் கைக்குழந்தை விஷயத்தைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. என் தங்கச்சி மகளை ஒரு சீரியலில் நடிக்கக் கேட்டிருக்கிறார்கள். எட்டு வயசு. கோயம்புத்தூர்ப் பக்கம் சில நாள், இங்கே சில நாள் எடுப்பார்களாம். "பாப்பாவுக்கு நல்ல எதிர்காலம்" என்கிறார்கள். குழந்தைகளை வேலைக்கு வைப்பதே தப்பு இல்லையா? இதற்கு மட்டும் எப்படி விடுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்தூர்கோர்ட்டு

அக்கா, பதினாலு வயதுக்குள் வேலைக்கு வைக்கக்கூடாது என்பதுதான் பொது விதி. சினிமா, சீரியல், விளம்பரம் ஆகியவற்றுக்கு 2016 திருத்தத்தில் விலக்கு கொடுத்தார்கள். 2017 விதிகளில் நிபந்தனையும் வைத்தார்கள். பாப்பாவை அனுப்புகிற முன் இதைத் தங்கச்சியிடம் படித்துக் காட்டுங்கள்.

ஷூட்டிங் நடக்கிற மாவட்டத்துக் கலெக்டரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். இங்கே எடுத்தால் பாலக்காட்டில், கோயம்புத்தூரில் எடுத்தால் அங்கே. ஓரிடத்து அனுமதி மறு இடத்துக்குச் செல்லாது. நாளைக்கு ஐந்து மணி நேரம்தான். இடையில் ஓய்வு இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. படிப்பு கெடாமல் பார்த்துக்கொள்வது தயாரிப்பாளர் கடமை. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளராவது வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் நிலைவைப்பாகப் போகவேண்டும், பெரியவளானதும் அவளுக்கே. குழந்தையின் சம்மதம் இல்லாமல் எதிலும் ஈடுபடுத்தக்கூடாது என்றும் விதி சொல்கிறது.

இப்போது அந்தக் கைக்குழந்தை. கூட்டத்தில் அம்மா இடுப்பில் இருந்தது, நடிக்க வைக்கவில்லை என்பார்கள். ஆனால் அழுகையைப் பார்த்துக் கேமராவைத் திருப்பிய அந்த நிமிஷமே அந்தக் குழந்தை படத்தில் வேலை செய்கிறது என்பதுதான் என் வாதம். அழாமல் இருக்க வழி செய்வதை விட்டுவிட்டு அழுகையைப் படம் பிடித்தது அக்கிரமம்.

ஒழலப்பதி அம்மா

ரொம்ப நன்றிம்மா. கலெக்டர் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்கச் சொல்லிவிட்டேன். காட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு.

டிவி பற்றி இன்னொன்று. டான்ஸ் ஷோவில் சின்னக் குழந்தைகளைப் பெரியவர்கள் பாட்டுக்கு அசிங்கமாக ஆட வைக்கிறார்கள் என்று 2019 ஜூனில் மத்திய அரசே சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. இன்னும் அந்த ஷோக்களைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. குடும்பச் சண்டையைத் தீர்த்துவைக்கிறோம் என்று கூப்பிடுகிற நிகழ்ச்சிகளும் அப்படித்தான். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். புருஷனோடு இருந்த தகராறு ஊருக்கே தெரிந்ததுதான் மிச்சம். அந்தத் துண்டு யூடியூபில் இன்னும் ஓடுகிறது. அவள் மகளுக்கு வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். நீக்கச் சொல்லிக் கேட்டால் "அன்றைக்கு கையெழுத்துப் போட்டீர்களே" என்கிறார்கள். என்ன தாள் என்று யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

வண்ணாமடைத் தோப்பு

எல்லாம் படித்தேன். நியாயம்தான். ஆனால் என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நாம் தாள் கேட்டால் அவர்கள் மேற்கே போகாமல் கிழக்கே போவார்கள். பொள்ளாச்சிப் பக்கம் கேட்காமலே ஜனம் வரும். சட்டம் நம் பக்கம், பிழைப்பு அந்தப் பக்கம் என்று ஆகிவிடக்கூடாது.

எருத்தேம்பதிக்காரி

பதில் இருக்கிறது, அண்ணா. முதலமடை ஸ்டேஷனில், அந்த ஆலமரங்களுக்கு அடியில், எத்தனை படம் எடுத்திருக்கிறார்கள்! ரயில்வேயிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பணம் கட்டித்தான் எடுக்கிறார்கள். ரயில்வே தாள் கேட்கிறது என்று எந்த யூனிட்டும் ஓடவில்லை. பரம்பிக்குளத்துக்குள் போக சேத்துமடை, டாப் ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுச் செக்போஸ்டைத் தாண்டவேண்டும். இரண்டு மாநில வனத்துறையும் கேட்கிறார்கள், இருந்தாலும் போகிறார்கள். தாள் கேட்கிற இடத்தில் கொடுக்கிறார்கள். நாம் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை. இவ்வளவுதான். கிழக்கே போவார்கள் என்ற பயமும் உண்மைதான். அதற்காகத்தான் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோழிகளையும் இந்தப் பேச்சுக்குள் கூப்பிட்டிருக்கிறேன். வாளையாற்றுக்கு இரண்டு பக்கமும் ஒரே தாள் கேட்டால் எங்கே போவார்கள்?

மலையோரம்

காட்டுப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. சரணாலயத்துக்குள் படம் எடுப்பதை வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தம் ஒத்துக்கொள்கிறது. வாழிடத்தில் மாற்றம் செய்யக்கூடாது, விலங்குகளுக்குப் பாதிப்பு வரக்கூடாது என்பது நிபந்தனை. நடைமுறையில் சிக்கல் காட்டுக்கு வெளியேதான். நெல்லியாம்பதி அடிவாரத்தில் தனியார் எஸ்டேட் என்று இரவெல்லாம் பெரிய லைட்டும் ஜெனரேட்டரும் ஓடுகின்றன. யானை வழக்கமாக இறங்குகிற வழியை விட்டு வேறு பக்கம் போகிறது. அடுத்த நாள் வாழைத்தோட்டக்காரர்தான் நஷ்டப்படுகிறார். யூனிட் அதற்குள் ஊருக்குப் போயிருக்கும்.

மாட்டுவண்டி

ஆடுமாடு கொடுப்பவர்களும் கவனியுங்கள். விலங்கு நடிக்கிற காட்சிக்கு விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். 2001 விதிகளில் இருக்கிறது. கடைசியில் சென்சாருக்குப் போகும்போது வாரியத்தின் சான்றைக் கேட்பார்கள். அதனால் கம்பெனிக்கும் இதில் பயம் உண்டு. என் மாட்டுக்குக் கால்நடை மருத்துவரின் சான்று வாங்கினார்கள், தண்ணீர்த்தொட்டி வைத்தார்கள், நிழல் போட்டார்கள். பக்கத்தில் நின்ற பெண்களுக்குப் பந்தல் கூட இல்லை. எனக்கே வெட்கமாக இருந்தது, அதனால் சொல்கிறேன்.

யூனிட்லைட்

மாட்டுவண்டி சொன்னதைக் கவனித்தீர்களா? சான்று இல்லாமல் படம் வெளியே வராது என்பதால்தான் மாட்டுக்குத் தொட்டி வந்தது. ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளுக்கு ஒப்பந்தம் இருந்ததா, கூலி கொடுத்தாயிற்றா, கழிப்பறை இருந்ததா என்று சென்சாருக்கு முன்னால் ஒரு சான்று கேட்கட்டும். அடுத்த வாரமே எல்லாத் தோப்பிலும் கழிப்பறை நிற்கும். இதை நாங்கள் சங்கத்திலும் பேசவேண்டும். பேசுவேன்.

எருத்தேம்பதிக்காரி

இதுவரை பேசியதை வைத்து ஒரு பக்கத்தில் ஒரு தாள் எழுதியிருக்கிறோம். எங்கள் குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காக்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதினோம். கம்பெனி பெயர், முகவரி, பொறுப்பாளர் போன் எண் முதலில் வருகிறது. அப்புறம் வேலை நேரம், தாண்டினால் மணிக்கு எவ்வளவு, ஏஜென்ட் கையில் இல்லாமல் அவரவர் கணக்கில் கூலி. குடிநீர், நிழல், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ராத்திரியானால் வீடு வரை வண்டி. விபத்து நடந்தால் ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது. குழந்தைகளைக் கலெக்டர் அனுமதி இல்லாமல் கேமரா முன் நிறுத்தக்கூடாது. காட்சி என்ன என்று முன்னாலேயே சொல்லவேண்டும். உள் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கேரவன் பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டவேண்டும். தோப்பு கொடுப்பவர்கள் வாடகைத் தாளோடு இதையும் வைத்துக் கையெழுத்து வாங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். வண்ணாமடை அண்ணா, இதில் உங்கள் உதவி வேண்டும்.

வண்ணாமடைத் தோப்பு

வாடகைத் தாளோடு சேர்த்து வைப்பது என்றால் எனக்குச் சிரமமில்லை. அடுத்த தடவை கேட்டு வருகிறவரிடம் வைத்துப் பார்க்கிறேன். கழிப்பறைக்கு இடம் தோப்பிலேயே ஓரமாகக் கொடுக்கலாம். மற்றத் தோப்புக்காரர்களிடமும் பேசுகிறேன், நான் ஒருவன் மட்டும் கேட்டால் எடுபடாது.

சித்தூர்கோர்ட்டு

தாளின் மலையாள வடிவத்தை நான் எழுதித் தருகிறேன். லேபர் ஆபீசில் கொடுக்க அது வேண்டும். ஒரு திருத்தம்: ஏஜென்டும் கையெழுத்துப் போடட்டும், ஆனால் சாட்சியாக. முதல் தரப்பு கம்பெனிதான் என்று தெளிவாக இருக்கவேண்டும்.

அப்புறம் பழைய தோப்பு விஷயம். அன்றைக்கு நின்ற பெண்கள் யார் யார், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தார்கள், கைக்கு எவ்வளவு வந்தது என்று ஆளுக்கொரு தாளில் எழுதி வையுங்கள். போனில் எடுத்த போட்டோ இருந்தால் அழிக்காதீர்கள், வேன் நம்பர் யாருக்காவது நினைவிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மயங்கி விழுந்த அம்மாவை மறுநாள் எங்கே காட்டினீர்கள்? அந்தச் சீட்டு இருக்கிறதா?

எருத்தேம்பதிக்காரி

சீட்டு இருக்கிறது. வேன் டிரைவர் நம் பக்கத்து ஊர்தான், சாட்சி சொல்கிறேன் என்கிறார். செவ்வாய்க்கிழமை எல்லாரும் கோர்ட்டு வாசலுக்கு வருகிறோம்.